கஜா புயல் வரும் ஒப்பாரி எப்படிப் பாரம்பரியப் பாடலாகும்?

கேள்வி: புதுக்கோட்டை மாவட்டத்துக் கிராமம் ஒன்றில் வசிக்கிறேன். வயது 52. வயல் வேலை போக, கோயில் திருவிழா, சாவு வீடு, பள்ளிக்கூட விழா என்று கூப்பிட்ட இடத்தில் பாடுவேன். 2024 பொங்கல் கழிந்து ஒரு யூடியூப் சேனல்காரர்கள் வந்து, வீட்டு வாசலிலேயே உட்காரவைத்து நான்கு பாட்டுகளை வீடியோ எடுத்தார்கள். எனக்கும் தவில், பம்பை, உறுமி வாசித்த மூன்று பேருக்கும் சேர்த்து 6,000 ரூபாய் கொடுத்து ஒரு தாளில் கையெழுத்து வாங்கிக்கொண்டார்கள். மூன்று பாட்டுகள் எங்கள் பக்கம் எல்லோரும் பாடும் நடவுப் பாட்டும் தாலாட்டும். நான்காவது, கஜா புயலுக்கு இரண்டு மாதம் கழித்து என் அம்மா இறந்தபோது நானே கட்டிய ஒப்பாரி. வீடியோவை 60 லட்சம் தடவைக்கு மேல் பார்த்திருக்கிறார்கள். போன ஆடி மாதம் அந்த ஒப்பாரியை மட்டும் பிரித்து, குத்து பீட் சேர்த்து, ‘பாரம்பரியப் பாடல்’ என்று போட்டு ஒரு மியூசிக் கம்பெனி தனி ஆடியோவாக வெளியிட்டிருக்கிறது. என் பெயரே இல்லை. குடிகாரர் தடுக்கி விழும் ரீல்ஸுக்கெல்லாம் இப்போது அதுதான் ஓடுகிறது. திருவிழாவில் நான் நடவுப் பாட்டு பாடியதை என் மகள் போனில் எடுத்து எங்கள் சேனலில் போட்டாள். அதற்கும் அதே கம்பெனி காப்பிரைட் கிளெய்ம் போட்டு, வருகிற சொற்பக் காசையும் எடுத்துக்கொள்கிறது. கேட்டால், ‘காசு வாங்கிக் கையெழுத்துப் போட்டாயிற்று, இனி மேடையில் பாடினாலும் வழக்குப் போடுவோம்’ என்கிறார்கள். எனக்கு எந்த உரிமையும் இல்லையா?

பதில்:

அம்மா, முதலில் அந்தத் தாளைப் பற்றிப் பேசிவிடுவோம். நீங்கள் அனுப்பிய போட்டோவில் இருப்பது இவ்வளவுதான்: ‘நாட்டுப்புறப் பாடல் படப்பிடிப்புக்காக ரூ.6,000 பெற்றுக்கொண்டேன்’, தேதி, ஒரு ரூபாய் ரெவின்யூ ஸ்டாம்ப், அதன் குறுக்கே உங்கள் கையெழுத்து. 5,000 ரூபாய்க்கு மேல் பணம் வாங்கினால் ரசீதில் ஸ்டாம்ப் ஒட்ட வேண்டும் என்பது முத்திரைச் சட்டம். ஸ்டாம்ப் ஒட்டிவிட்டதால் ரசீது ஒப்பந்தமாகிவிடாது. கிராமத்தில் அந்தச் சின்ன ஸ்டாம்பைக் கண்டாலே பத்திரம் எழுதிக் கொடுத்துவிட்டதுபோல ஒரு பயம் வருகிறது. அந்தப் பயத்தை நம்பித்தான் பலர் தொழில் நடத்துகிறார்கள்.

பதிப்புரிமைச் சட்டம் 1957-இன் 19-ஆவது பிரிவு இதில் தெளிவாக இருக்கிறது. ஒரு படைப்பின் உரிமையை இன்னொருவருக்கு மாற்றிக் கொடுக்க வேண்டுமென்றால் அது எழுத்தில் இருக்க வேண்டும், கொடுப்பவர் கையெழுத்திட வேண்டும். எந்தப் படைப்பு, என்னென்ன உரிமை, எத்தனை காலம், எந்த இடம், ராயல்டி எவ்வளவு என்றெல்லாம் அதில் சொல்லியிருக்க வேண்டும். உங்கள் ரசீதில் பாட்டின் பெயர்கூட இல்லை. கூலிக்கு நட்டால் கூலி, வாரத்துக்கு உழுதால் பங்கு என்பது உங்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. அன்று அவர்கள் கொடுத்தது நான்கு பேருக்கு ஒரு நாள் கூலி. நிலத்தை எழுதி வாங்கவில்லை.

சரி, நிலம் எது? ஒரு பாட்டில் ஒன்றுக்கு மேல் ஒன்றாகப் பல உரிமைகள் இருக்கின்றன. வரிகளுக்கு ஒன்று, மெட்டுக்கு ஒன்று, பதிவு செய்த ஒலிக்கு ஒன்று, வீடியோவுக்கு ஒன்று. இவை எல்லாம் போக, பாடிய குரலுக்கும் வாசித்த கைக்கும் தனியாக ஒன்று. இந்தக் கடைசி உரிமை நம் சட்டத்தில் நெடுங்காலம் இல்லை. 1978-இல் நடிகர் தேவ் ஆனந்த் சம்பந்தப்பட்ட வழக்கில், படத்தில் நடித்த நடிப்புக்கென்று நடிகருக்குத் தனிப் பதிப்புரிமை கிடையாது என்று பம்பாய் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. 1994 திருத்தத்தில்தான் நிகழ்த்துநர் உரிமை உள்ளே வந்தது. 2012 திருத்தம் அதற்குப் பல் வைத்தது. நிகழ்த்துநர் யார் என்று சட்டம் போடும் பட்டியலில் பாடகர், இசைக்கலைஞர், நடனக்காரரோடு கழைக்கூத்தாடியும் பாம்பாட்டியும்கூட இருக்கிறார்கள். உறுமி வாசித்தவர் இல்லாமல் போவாரா? இந்த உரிமைக்கு 50 ஆண்டு ஆயுள்.

இப்போது ஒப்பாரிக்கு வருவோம். உங்கள் வழக்கின் உயிர் அங்கேதான் இருக்கிறது.

வீடியோவை மூன்று தடவை பார்த்தேன். நான்காவது நிமிடத்தில் ‘கஜா சாய்ச்ச தென்ன போல’ என்று ஒரு வரி வருகிறது. அடுத்த வரியில் உங்கள் அம்மாவின் பெயர், அதற்கடுத்து உங்கள் ஊர்க் கண்மாய்க்கரை. கஜா கரையைக் கடந்தது 2018 நவம்பர் 16 அதிகாலை. அப்படியிருக்க இந்தப் பாட்டு எப்படிப் பாரம்பரியப் பாடலாகும்? எந்தப் பாட்டி பாடி, எந்தப் பேத்திக்கு வந்தது? ஒப்பாரி என்ற வடிவம் பொதுச்சொத்து. மார் அடித்துப் பாடும் அந்த இழுப்பும் பொதுச்சொத்துதான். ஆனால் அந்த வடிவத்துக்குள் நீங்கள் வைத்த வரிகள் உங்களுடையவை. உங்கள் ஆயுள் வரையிலும், அதற்குப் பின் 60 ஆண்டுகளும் அவற்றின் பதிப்புரிமை உங்களுக்கும் உங்கள் வாரிசுகளுக்கும் உரியது. எழுதி வைத்தால்தானே உரிமை என்று கேட்டிருந்தீர்கள். மெட்டைப் பொறுத்தவரை ஸ்வரக் குறிப்பு எழுதியிருக்க வேண்டும் என்ற நிபந்தனை 1994-லேயே போய்விட்டது. வரிகளைப் பொறுத்தவரை, அவர்கள் எடுத்த வீடியோவே பதிவு. பாடுவதற்கு முன் நீங்கள் கேமராவைப் பார்த்து, ‘இது எங்கம்மாவுக்கு நான் கட்டுனது’ என்கிறீர்களே, அதை அவர்கள் வெட்டாமல் விட்டிருக்கிறார்கள். எதிர்த்தரப்பே நமக்குச் சாட்சி எடுத்துக் கொடுப்பது என் அனுபவத்தில் அபூர்வம்.

ஆக, தனி ஆடியோ வெளியிட்டது உங்கள் வரிகளுக்கான பதிப்புரிமையை மீறியது. பெயர் போடாமல் விட்டது, படைப்பாளி என்ற முறையில் 57-ஆவது பிரிவையும், பாடியவர் என்ற முறையில் 38பி பிரிவையும் மீறியது. குத்து பீட் விஷயத்தில் கொஞ்சம் நிதானமாகச் சொல்ல வேண்டும். நேரத்துக்காகப் பாட்டைச் சுருக்குவது, எடிட்டிங்கில் கொஞ்சம் வெட்டுவது இவற்றையெல்லாம் 38பி குற்றமாகப் பார்க்காது. கலைஞரின் நற்பெயருக்குக் கேடு வரும்படி சிதைத்தால்தான் தடுக்கலாம், நஷ்டஈடு கேட்கலாம். செத்த அம்மாவின் பெயர் சொல்லி அழும் பாட்டைக் குடிகாரர் விழும் காட்சிக்குப் பின்னணியாக்கியது அந்த அளவுக்குப் போகிறது என்பதுதான் என் கருத்து. ரீல்ஸ் போடும் பிள்ளைகள் ஒவ்வொருவர் மேலும் வழக்குப் போட முடியாது, தேவையும் இல்லை. மூல ஆடியோ இறங்கினால் போதும்.

மூல வீடியோவையே தூக்கவைக்க முடியுமா என்றால், அதை எதிர்பார்க்காதீர்கள். நீங்கள் சம்மதித்துத்தான் பாடினீர்கள், சேனலில் வரும் என்பதும் தெரியும். சம்மதம் எழுத்தில் இருக்க வேண்டும் என்றுதான் 38ஏ பிரிவு சொல்கிறது. இருந்தாலும் நீதிபதி உங்கள் நடத்தையையும் பார்ப்பார். வீடியோ இருக்கட்டும். அதே பிரிவில் இன்னொரு வாசகம் இருக்கிறது: நிகழ்ச்சி வணிகத்துக்குப் பயன்பட்டால் நிகழ்த்துநருக்கு ராயல்டி உண்டு. அதைப் பிடித்துக்கொள்வோம்.

எவ்வளவு வரும்? சதவீதத்தைச் சட்டம் சொல்லவில்லை. 60 லட்சம் என்றதும் ஊரில் ஆளாளுக்குக் கணக்குப் போட்டுச் சொல்லியிருப்பார்கள், அதை நம்ப வேண்டாம். பார்வை வேறு, விளம்பரம் ஓடிய பார்வை வேறு. நீளமான வீடியோவில் வரும் விளம்பர வருமானத்தில் சேனலுக்கு 55 சதவீதம்தான் போகிறது, மீதி யூடியூபுக்கு. ஆனால் அந்த ஒரு வீடியோவுக்கு மட்டும் எவ்வளவு வந்தது என்று சேனல்காரரின் யூடியூப் ஸ்டூடியோ பக்கத்தில் காசு சுத்தமாகக் கணக்கு இருக்கும். களத்தில் நெல்லை அளக்கும்போது மரக்காலை ஒளித்து வைப்பதுபோல, ‘எங்களுக்கே தெரியாது’ என்று அவர்கள் சொல்ல முடியாது. 55-ஆவது பிரிவின்படி நஷ்டஈட்டோடு கணக்கும் கேட்கலாம். முதலில் கணக்கைக் கேளுங்கள், தொகையைப் பிறகு பேசலாம்.

அடுத்தது திருவிழா வீடியோ. அந்த நடவுப் பாட்டு யாருக்கும் சொந்தமில்லை, உங்களுக்கும்தான். ஆனால் யாருக்கும் சொந்தமில்லாததைக் கம்பெனி மட்டும் எப்படிச் சொந்தம் கொண்டாடும்? அவர்கள் வாசலில் எடுத்த பதிவு அவர்களுடையதாக இருக்கலாம். திருவிழாவில் உங்கள் மகள் எடுத்தது வேறு பதிவு. யூடியூபின் கன்டென்ட் ஐடி என்ற இயந்திரத்துக்கு இந்த வித்தியாசம் தெரியாது, மெட்டும் குரலும் ஒத்துப்போனால் பிடித்துவிடும். தனக்கு மட்டுமே முழு உரிமை உள்ளதைத்தான் அதில் ஏற்ற வேண்டும் என்பது யூடியூபின் சொந்த விதி. பொதுச்சொத்தான நடவுப் பாட்டுக்கு அப்படி உரிமை கொண்டாட முடியாது.

உங்கள் மகளிடம் சொல்லி யூடியூப் ஸ்டூடியோவில் அந்த கிளெய்முக்கு எதிராக டிஸ்ப்யூட் (ஆட்சேபம்) போடச் சொல்லுங்கள். பாட்டு பொதுச்சொத்து, பதிவு எங்களுடையது, பாடியது நானே என்று மூன்று வரி போதும், கோபம் வேண்டாம். கம்பெனி 30 நாளுக்குள் பதில் சொல்ல வேண்டும், சொல்லாவிட்டால் கிளெய்ம் விழுந்துவிடும். கிளெய்ம் வந்த 5 நாளுக்குள் டிஸ்ப்யூட் போட்டால் முதல் நாளிலிருந்து வரும் காசை யூடியூப் நிறுத்தி வைக்கும். தாமதமானால், போட்ட நாளிலிருந்துதான். இந்தத் தடவை அது போய்விட்டது, அடுத்த தடவைக்கு ஞாபகம் இருக்கட்டும். அவர்கள் மறுத்தால் அப்பீல் போகலாம். ஆனால் அப்பீலுக்குப் பிறகு அவர்கள் வீடியோவையே நீக்கச் சொன்னால் சேனலுக்கு ஸ்ட்ரைக் என்ற எச்சரிக்கைத் தண்டனை விழும். அந்தக் கட்டம் வந்தால் வக்கீலைக் கேட்காமல் பட்டனை அழுத்த வேண்டாம்.

மேடையில் பாடினால் வழக்கு என்ற மிரட்டலுக்கு வருகிறேன். பதிப்புரிமை இருப்பதாகச் சொல்லி ஆதாரமில்லாமல் மிரட்டினால், மிரட்டப்பட்டவரே வழக்குப் போட்டு அதை நிறுத்தலாம், நஷ்டமும் கேட்கலாம் என்கிறது 60-ஆவது பிரிவு. இந்தப் பிரிவு இருப்பது வக்கீல்களிலேயே பலருக்கு நினைவில் இருப்பதில்லை. பங்குனித் திருவிழாவுக்கு முன்பணம் வாங்கியிருப்பதாக எழுதியிருந்தீர்கள். போய்ப் பாடுங்கள்.

ஒரு வேலையை இன்றைக்கே செய்யுங்கள். தவில், பம்பை, உறுமிக்காரர் மூன்று பேரையும் பார்த்து விஷயத்தைச் சொல்லுங்கள். நோட்டீஸ் போன மறுநாளே யாராவது பைக்கில் வந்து ஆளுக்கு ஆயிரமோ இரண்டாயிரமோ கொடுத்து, இந்தத் தடவை சரியான வாசகம் எழுதிய தாளில் கையெழுத்துக் கேட்பார்கள். வாசித்தவர்களுக்கும் நிகழ்த்துநர் உரிமை உண்டு என்பதால் அவர்கள் மூன்று பேரும் நம்மோடு நிற்பதும் அங்கே போய்விடுவதும் வழக்கையே மாற்றிவிடும்.

போலீசுக்குப் போகலாமா என்று கேட்டிருக்கிறீர்கள். போகலாம்தான். பதிப்புரிமை மீறல் 63-ஆவது பிரிவின்படி 6 மாதம் முதல் 3 ஆண்டு வரை சிறைத்தண்டனைக்குரிய குற்றம். பிடியாணை இல்லாமலே கைது செய்யக்கூடிய குற்றம் என்று உச்ச நீதிமன்றமும் 2022-இல் சொல்லியிருக்கிறது. ஆனால் நமக்கு வேண்டியது பெயரும் கணக்கும். ஸ்டேஷனில் அது கிடைக்காது. சேனலுக்கும் மியூசிக் கம்பெனிக்கும் தனித்தனியாகப் பதிவுத் தபாலில் வக்கீல் நோட்டீஸ் அனுப்புவதுதான் முதல் படி.

வழக்கென்று போனால் சென்னைக்கு அலைய வேண்டாம். 62-ஆவது பிரிவின்படி நீங்கள் குடியிருக்கும் ஊரின் மாவட்ட நீதிமன்றத்திலேயே தாக்கல் செய்யலாம், படப்பிடிப்பும் அங்கேதான் நடந்தது. கேட்கும் தொகை 3 லட்சத்தைத் தொட்டால் வணிக வழக்காகிவிடும். அவசரத் தடையுத்தரவு கேட்காவிட்டால் அதற்கு முன் சமரசப் பேச்சுக்குப் போயாக வேண்டும். இத்தனை மாதம் ஓடிய ஆடியோவுக்குத் திடீரென்று என்ன அவசரம் என்று நீதிபதி கேட்கக்கூடும், ஆகவே சமரசத்துக்கே தயாராக இருங்கள். நஷ்டஈடு கேட்க 3 ஆண்டுதான் கெடு, வீடியோ 2024 தையில் வந்தது. தள்ளிப்போடாதீர்கள்.

வக்கீல் பீஸுக்குப் பயப்பட வேண்டாம். சட்டப் பணிகள் ஆணையச் சட்டத்தின் 12-ஆவது பிரிவின்படி பெண்களுக்கு இலவச சட்ட உதவி உண்டு, வருமானச் சான்றிதழ் கேட்க மாட்டார்கள். புதுக்கோட்டை நீதிமன்ற வளாகத்தில் மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு இருக்கிறது. போகுமுன் 15100-க்குப் போன் செய்தும் கேட்கலாம்.

இனி யாராவது கேமராவோடு வந்தால், பாடுவதற்கு முன்னால் ஒரு தாளில் எழுதி இரண்டு பக்கமும் கையெழுத்து வாங்குங்கள்: ‘இந்தப் பாட்டை இந்தச் சேனலில் மட்டும், இத்தனை ஆண்டுக்குப் போடலாம். என் பெயரும் வாசித்தவர்கள் பெயரும் வர வேண்டும். தனி ஆடியோ, ரீமிக்ஸ், கன்டென்ட் ஐடி, என் குரலை ஏ.ஐ.க்குக் கொடுப்பது எதுவும் என் எழுத்து அனுமதி இல்லாமல் கூடாது. வருமானத்தில் இவ்வளவு பங்கு.’ ஏ.ஐ. என்று எழுதினால் சிரிப்பார்கள், சிரிக்கட்டும். இந்திப் பாடகர் அரிஜித் சிங்குக்கே, குரலை ஏ.ஐ. வைத்துப் போலி செய்யும் தொல்லை வந்து, 2024-இல் பம்பாய் உயர் நீதிமன்றத்தில் தடை வாங்க வேண்டியிருந்தது. காலத்தை எழுதாமல் விட்டால் சட்டப்படி 5 ஆண்டு, இடத்தை எழுதாமல் விட்டால் இந்தியா மட்டும் என்றுதான் பொருள். அதனால் அவர்கள் அச்சடித்துக் கொண்டுவரும் தாளில் ‘நிரந்தரமாக’, ‘உலகம் முழுதும்’ என்ற சொற்கள் எங்கே இருக்கின்றன என்று மகளைத் தேடிப் பார்க்கச் சொல்லுங்கள். கட்டாயம் இருக்கும்.

ஆணைக்குழுவுக்குப் போகும்போது அந்த ரசீதின் நகல், ஆடியோ பக்கத்தின் ஸ்கிரீன்ஷாட் (லிங்க்கும் தேதியும் தெரிய வேண்டும்), கம்பெனி ஆள் அனுப்பிய வாட்ஸ்அப் வாய்ஸ் மெசேஜ், திருவிழா வீடியோ எடுத்த அதே போன் எல்லாவற்றையும் எடுத்துப் போங்கள். போனை விற்கவோ ரீசெட் செய்யவோ வேண்டாம். மின்னணு ஆதாரத்துக்குச் சான்றிதழ் கொடுக்கும்போது அது தேவைப்படும். அப்புறம், உங்கள் அம்மாவின் இறப்புச் சான்றிதழ். அப்போது வாங்கியது பீரோவில் இருக்கும், அதை மறக்காதீர்கள். பாட்டு எப்போது பிறந்தது என்று காட்ட நம்மிடம் உள்ள அரசு முத்திரை பதித்த ஒரே தாள் அதுதான்.