இருமை என்றால் சமம் அல்ல

அன்புள்ள ஐயா,

கல்லூரியில் முதலாண்டு படிக்கிறேன். 0, 1 என்ற இரண்டே மதிப்புள்ள பூலியன் இயற்கணிதத்தில் (கூட்டல் என்றால் ‘அல்லது’, பெருக்கல் என்றால் ‘மற்றும்’) கூட்டலைப் பெருக்கலாகவும், பெருக்கலைக் கூட்டலாகவும், 0-வை 1 ஆகவும், 1-ஐ 0 ஆகவும் மாற்றினால் இருமை கிடைக்கும் என்கிறார்கள். க + ச, க·ச இரண்டுக்கும் மெய் அட்டவணை (ஒவ்வொரு மதிப்புக்கும் விடை காட்டும் பட்டியல்) போட்டுப் பார்த்தேன், ஒத்துவரவில்லை. பிறகு எப்படி இது விதியாகும்? இன்னொன்று, க + ச·ட என்பதற்கு இருமை க·ச + ட என்று எழுதினேன். தவறு என்று அடித்துவிட்டார்கள்.

ஒரு மாணவன்

அன்புள்ள தம்பி,

அட்டவணை போட்டுப் பார்த்தீர்களே, அது நல்ல பழக்கம். ஒத்துவராதுதான். ஒரு கோவையும் அதன் இருமையும் சமம் என்று விதி சொல்லவில்லை. ஒரு சமன்பாடு எல்லா மதிப்புக்கும் உண்மை என்றால், இரண்டு பக்கத்தையும் மாற்றி எழுதிய சமன்பாடும் உண்மை. அவ்வளவுதான். க + 1 = 1 சரி, அதனால் க·0 = 0-வும் சரி.

ஏன் என்று கேட்பீர்கள். பல்புக்குப் போகும் வயரில் இரண்டு சுவிட்சை அடுத்தடுத்து வையுங்கள். பல்ப் எரிய இரண்டையும் போட வேண்டும். அணைய? ஏதாவது ஒன்றை நிறுத்தினால் போதும். வயர் அதேதான். போடுவதையும் எரிவதையும் 1 என்று வைத்தால் அது பெருக்கல். நிறுத்துவதையும் அணைவதையும் 1 என்று வைத்தால் அதே வயர் கூட்டல்.

கிளாட் ஷானன் 1937-ல் எம்.ஐ.டி.யில் எழுதிய முதுகலை ஆய்வேட்டில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) சுற்றுகளுக்குப் பூலியன் இயற்கணிதத்தைப் பொருத்தினார். அதில் மூடிய சுற்று 0, திறந்த சுற்று 1. மின்னோட்டம் போக முடியாமல் தடை இருக்கிறதா என்பதே அவர் பார்த்தது. அதனால் அவரிடம் தொடர் இணைப்பு கூட்டல், பக்க இணைப்பு பெருக்கல். உங்கள் பாடத்தில் நேர் தலைகீழாக இருக்கும். அப்படித் திருப்பியும் அவருடைய தேற்றம் ஒன்றுகூடக் கெடவில்லை, ஒவ்வொன்றும் தன் ஜோடியாக மாறி நிற்கிறது. எனக்கு இருமை பிடிபட்டது இதைப் படித்த பிறகுதான்.

சரி, அந்த இரண்டாவது கணக்கு. க + ச·ட என்று எழுதும்போது ச·ட-வைச் சுற்றி எழுதாத அடைப்புக்குறி ஒன்று இருக்கிறது. முதலில் அதைப் போடுங்கள்: க + (ச·ட). அப்புறம் மாற்றினால் க·(ச + ட). க = 0, ட = 1 என்று வைத்துப் பாருங்கள். இதன் மதிப்பு 0, நீங்கள் எழுதியதற்கு 1.

க, ச போன்ற மாறிகளை மட்டும் தொடாதீர்கள். க + ச′ என்பதன் இருமை க·ச′ (ச′ என்பது ச-வின் எதிர்மதிப்பு). மாறிகளையும் புரட்டினால் க′·ச வரும். அது டி மார்கன் விதி தரும் நிரப்பி, அதாவது முதல் கோவை 1 ஆகும்போது 0, 0 ஆகும்போது 1 ஆவது.

ஓய்வாக இருக்கும்போது க·ச + ச·ட + ட·க என்பதன் இருமையை எடுத்து விரித்துப் பாருங்கள். அதே கோவை திரும்பி வரும். இது மட்டும் ஏன் சமமாகிறது? மூன்று பேர் ஓட்டுப் போட்டுப் பெரும்பான்மை பார்ப்பதாக நினைத்துக்கொண்டு யோசியுங்கள், பிடிபட்டதும் எழுதுங்கள்.