ரோலர் அறையில் இரண்டு பேரன்கள்: வாசகர் கேள்வி பதில்

கேள்வி: அண்ணா, சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவு வரும்வரை வீட்டில் இருக்கிறேன். மாமாவின் பழைய கொம்பியூட்டரில் அரக்கர்களைச் சுடுகிற டூம் 2 விளையாட்டுக்கு ஒரு லெவல், அதாவது விளையாடும் களம் ஒன்று, செய்தேன். எங்கள் தோட்டத்துத் தேயிலை இஸ்டோர்தான், அதாவது தேயிலைத் தொழிற்சாலைதான், களம். கூட்டாளிமார் 'சூப்பர்' என்கிறார்கள். கம்பஸ் படிக்கும் அண்ணன் ஒருவர் 'குப்பை' என்றார். பென் டிரைவில் அனுப்பியிருக்கிறேன். உண்மையைச் சொல்லுங்கள்.
- ஒரு வாசகர், பொகவந்தலாவை

பதில்: தம்பி, இரண்டு தரப்பும் பொய் சொல்லவில்லை. இரண்டு தரப்பும் கடைசிவரை விளையாடியிருக்க மாட்டார்கள், அவ்வளவுதான். நான் மூன்று தரம் விளையாடினேன். முதல் தரம் பாதியில் கரண்ட் போய்விட்டது, அதை உன் கணக்கில் எழுதவில்லை.

நல்லதை முதலில் சொல்கிறேன். டூமில் ஒரு அறைக்கு மேல் இன்னொரு அறையைக் கட்ட முடியாது. விளையாட்டை ஓட்டுகிற எஞ்சின் 1993இல் வந்தது. ஓர் இடத்துக்கு ஒரு தரை, ஒரு கூரை, அதற்குமேல் அதற்குத் தெரியாது. ஆனால் மாடி இல்லாத இஸ்டோர் உண்டா? கொழுந்து மேலே வாடித்தானே கீழே அதை உருட்டுகிற ரோலருக்கு இறங்க வேண்டும்! நீ என்ன செய்திருக்கிறாய்? மாடியைப் பக்கத்தில் கட்டி, படிக்கட்டை இரண்டு தரம் திருப்பி விட்டிருக்கிறாய். ஏறி முடிந்ததும் ரோலருக்கு நேர் மேலே நிற்கிறேன் என்றே நம்பிவிட்டேன். பிறகு லெவல் வரைகிற எடிட்டரில் திறந்து பார்த்துச் சிரித்தேன். என் அப்பா இருபத்திரண்டு வருஷம் ரோலர் அறையில் நின்றவர், நான் சாப்பாடு கொண்டுபோன பிள்ளை. என்னையே ஏமாற்றிவிட்டாய். வாட்டும் தட்டுகளுக்கு நடுவே ஒரு ஆள் போகிற அகலம்தான் விட்டிருக்கிறாய். ஜன்னல் ஓரம் வெளிச்சம் 192, நடுவில் 112. அந்த அரை இருட்டில் இம்ப் என்கிற சின்ன அரக்கன் ஒன்று உறுமியபோது கதிரையில் நிமிர்ந்து உட்கார்ந்தேன்.

ஆனால் அந்த மாடிக்கு வருமுன் இரண்டு அறை இருக்கிறதே, சாம்பல் சுவரும் எண்ணெய் பீப்பாவும், அவை யாருடையவை? ஆயிரம் பேர் செய்த அறைகள். வெட்டி எறி. கொழுந்து நிறுக்கிற இடத்தில் ஆட்டத்தைத் தொடங்கு. தராசு ஒன்று வைத்தாலே போதும்.

இனிப் பிழைகள். கதவு மேலே போகும்போது பக்கத்து நிலையும் சேர்ந்து ஓடுகிறது, கண்டாயா? நிலைக் கோடுகளுக்கு, சுவர்ப் படம் நகராமல் பிடிக்கிற 'லோவர் அன்பெக்ட்' போட மறந்துவிட்டாய். எல்லோரும் முதல் லெவலில் செய்கிற பிழை, ஒரு நிமிஷ வேலை. ட்ரையர் அறைப் படிக்குக் கீழ் ஒரு சுவரில் டெக்ஸ்சரே, அதாவது மேலே ஒட்டுகிற படமே, இல்லை. பழைய எஞ்சினில் அந்த இடத்தில் முந்திய காட்சிகள் கலங்கித் தெரியும். இதற்கெல்லாம் 'குப்பை' என்றால் நாங்கள் எல்லோரும் குப்பை மேட்டில்தான் தொடங்கினோம்.

பெரிய வழக்கு 'பேரன் ஆஃப் ஹெல்' என்கிற பெரிய அரக்கனைப் பற்றியது. ஹட்டனில் நெட் கஃபே வைத்திருந்த காலத்தில் பையன்கள் அவனைப் 'பேரன்' என்றே கூப்பிடுவார்கள், தாத்தா யாரென்று ஒருவரும் கேட்டதில்லை. நீ ரோலர் அறையில் இரண்டு பேரன்களை நிறுத்தியிருக்கிறாய். ஒருவனுக்கு உயிர் 1000. அந்த இடத்துக்கு வரும்போது என் கையில் ஷொட்கன், 12 தோட்டா. ஒரு வேட்டில் ஏழு சிதறல், ஒவ்வொன்றும் சராசரி 10. அதாவது ஒன்றும் தவறாமல் பட்டாலும் 840. ஒருவனே சாகமாட்டான். மிச்சத்தைப் பிஸ்டலால் முடிக்கப் போனால் விடிந்துவிடும். ஒரு பேரன் எறிகிற பச்சை நெருப்பு மற்றப் பேரனைச் சுடாது, ஆகவே இரண்டு பேருக்கும் சண்டை மூட்டிவிடவும் வழியில்லை. இதைக் கஷ்டம் என்று நீ நினைக்கிறாய், நான் கணக்குப் பிழை என்கிறேன். ஒருவனைத் தூக்கு, மாடியில் ஒரு பெட்டி தோட்டா வை. பெட்டிக்கு 20.

கடைசியாகச் சிவப்புச் சாவி. ட்ரையருக்குப் பின்னால் திறக்கிற சுவர், அடையாளம் ஒன்றும் இல்லை. நான் எடிட்டரில் பார்த்துக் கண்டுபிடித்தேன், கள்ள வழி. அக்கா மகனை உட்கார வைத்துப் பின்னால் நின்றேன், வாய் திறக்கவில்லை. 11 நிமிஷம் ஒவ்வொரு சுவராகத் தட்டினான். பிறகு 'மாமா, ரொட்டி இருக்கா?' என்று எழுந்து போய்விட்டான். நீ சாவியை வைத்தவன், உனக்கு அது மறைவாகவே தெரியாது. முதலிலேயே ஒரு கம்பி வலைக்குப் பின்னால் சாவி கண்ணில் படட்டும், தேடுகிறவனுக்குத் தேட ஒரு காரணம் கிடைக்கும். உன் கூட்டாளிமாரையும் விளையாட விட்டுப் பேசாமல் நின்று பார். எந்த இடத்தில் நின்று திரும்பிப் பார்க்கிறார்கள் என்று மட்டும் எழுதிக்கொள். திருத்தினதும் மறுபடி அனுப்பு. பென் டிரைவ் என்னிடம் இருக்கிறது, வந்து வாங்கிக்கொள்.

கேள்வி: எங்கள் நிலையத்தில் பிள்ளைகள் செய்த லெவல்களுக்கு நான்தான் நடுவர். பிழையை எண்ணிப் புள்ளி குறைக்கலாமா?
- ஆசிரியை, பண்டாரவளை

பதில்: வேண்டாம் மிஸ். எண்ணினால் ஒன்றும் புதிதாகச் செய்யாத பிள்ளைதான் முதலாவதாக வரும். முதல் தரம் பேனாவைத் தொடாமல் விளையாடுங்கள். செத்த இடத்தில் 'ஏன் செத்தேன்' என்று உங்களுக்கே விளங்கியதா? விளங்கினால் சண்டைக்கு முழுப் புள்ளி. இரண்டாம் தரம் டெக்ஸ்சர், கதவு பாருங்கள். அதற்குப் பத்தில் இரண்டுக்கு மேல் ஒதுக்க வேண்டாம்.

கேள்வி: மகன் ராப்பகலாக இதையே செய்கிறான். சோறு போடுமா?
- ஒரு தாய், தலவாக்கலை

பதில்: போடும் என்று சத்தியம் பண்ண மாட்டேன் அம்மா. ஆனால் 1996இல் கடைக்கு வந்த 'ஃபைனல் டூம்' என்கிற லெவல் தொகுப்பு இருக்கிறதே, அதில் ஒரு பாதியை ரசிகர்கள் கூடிச் செய்து இலவசமாகக் கொடுக்கத்தான் செய்தார்கள், கம்பெனியே வந்து வாங்கிக்கொண்டது. ராவில் மட்டும் பத்து மணிக்கு மெஷினை நிறுத்தச் சொல்லுங்கள். பகலில் செய்யட்டும்.