அமெரிக்க அரசாங்கப் பாடம்: நீங்க கேட்டதும் நான் சொல்றதும்

கேள்வி கேட்டவங்கள்ல பாதி பேர் ஹைஸ்கூல்ல கவர்ன்மென்ட் பாடம் எடுத்திருக்கிற பிள்ளைங்க, மீதி பேர் அவங்கள பெத்தவங்க. ஒண்ணே ஒண்ணு முதல்லயே சொல்லிடறேன். இந்த நாட்டு அரசாங்கத்துல எந்த சந்தேகம் வந்தாலும் "இது யார் கையில இருக்கு?"ன்னு கேட்டுப் பழகுங்க. எல்லாமே ஜனாதிபதி கையிலதான்னு நினைச்சுப் படிச்சா ஒரு பாடமும் விளங்காது.

கேள்வி: அக்கா, ஜனாதிபதி தேர்தல்ல ஜாஸ்தி ஓட்டு வாங்கினவங்க எப்படி தோக்க முடியும்? கிளாஸ்ல கேட்டும் புரியல.

தம்பி, நீ அதை ஒரே தேர்தல்னு நினைக்கிற, குழப்பமே அங்கதான். 50 மாநிலத்துலயும் வாஷிங்டன் டி.சி.லயும் தனித்தனியா நடக்கிற 51 தேர்தல் அது. காங்கிரஸ்னா இந்த நாட்டு பார்லிமென்ட், அதுல ஹவுஸ், செனட்னு ரெண்டு சபை. ஒரு மாநிலத்துக்கு எத்தனை ஹவுஸ் மெம்பரோ அதோட ரெண்டு செனட்டரையும் கூட்டிக்கோ, அத்தனை எலெக்டர், அதாவது கடைசியா ஜனாதிபதிக்கு ஓட்டுப் போடுறவங்க. டி.சி.க்கு 3, ஆக மொத்தம் 538, ஜெயிக்க 270 வேணும். மெய்ன், நெப்ராஸ்கா தவிர மத்த இடத்துல எல்லாம் ஒரே ஒரு ஓட்டு வித்தியாசத்துல ஜெயிச்சாலும் அந்த மாநிலத்து எலெக்டர் மொத்தமும் ஜெயிச்சவருக்குத்தான். 2000 தேர்தல்ல ஃப்ளோரிடாவ எடுத்துக்கோ, கிட்டத்தட்ட 60 லட்சம் ஓட்டு விழுந்துச்சு, ஜார்ஜ் டபிள்யூ. புஷ் எதிர்த்து நின்ன அல் கோரைவிட 537 ஓட்டுதான் கூட வாங்கி ஜெயிச்சாரு. அதுக்கே 25 எலெக்டரும் அவர் பக்கம் போய் 271ல வந்து நின்னாரு. நாடு முழுக்க எண்ணினா கோர் 5 லட்சம் ஓட்டுக்கு மேல முன்னாடி இருந்தாரு. ஃப்ளோரிடாவுல நடந்த மறு எண்ணிக்கைய சுப்ரீம் கோர்ட் நிறுத்தின கேஸ் இருக்கு பாரு, பரீட்சைக்கு வரலன்னாலும் அதைப் படி.

கேள்வி: மேடம், வயோமிங்குக்கும் 2 செனட்டர், கலிஃபோர்னியாவுக்கும் 2 செனட்டரா? நம்மூர் ராஜ்யசபாவுல இப்படி இல்லையே.

ஆமாங்க, அங்க தமிழ்நாட்டுக்கு 18, கோவாவுக்கு 1. இங்க 2020 கணக்குப்படி வயோமிங்ல 6 லட்சம் பேர்கூட இல்ல, கலிஃபோர்னியாவுல 3.95 கோடி, ஆனா செனட்ல ரெண்டும் சமம். 1787ல ஃபிலடெல்ஃபியாவுல அரசியல் சட்டம் எழுத உக்காந்தப்போ சின்ன மாநிலங்கள் சம பங்கு இல்லன்னா வரமாட்டோம்னு பிடிவாதமா நின்னாங்க, அதனால ஹவுஸ்ல ஜனத்தொகைக்கு ஏத்த மாதிரி, செனட்ல எல்லாருக்கும் சமம்னு ஒத்துக்கிட்டாங்க. ஒரு மாநிலத்தோட சம்மதம் இல்லாம செனட்ல அதோட சம உரிமைய எடுக்க முடியாதுன்னும் எழுதி வச்சிட்டாங்க. எனக்கு இது நியாயமா படல, ஆனா ஏன் மாத்த முடியலன்னு பிள்ளைங்களுக்குத் தெரியணும்.

கேள்வி: சம்பளம் ஏறினா அடுத்த டாக்ஸ் ப்ராக்கெட்டுக்கு, அதாவது கூடுதல் வரி ரேட்டுக்குப் போயிடுவோம், கையில வர்றது குறையும்னு எங்க வீட்டுக்காரர் சொல்றாரு, நிஜமா?

இல்லம்மா, இதை நம்பி ஓவர்டைமே வேணாம்னு சொன்னவங்கள நான் பாத்திருக்கேன், மனசுக்கு ரொம்ப கஷ்டமா இருக்கும். 2024ல மத்திய அரசுக்குத் தனி ஆளா வருமான வரி ஃபைல் பண்றவங்களுக்கு, கழிவெல்லாம் போக மிஞ்சுற வருமானத்துல முதல் 11,600 டாலருக்கு 10 சதவீதம், அதுக்கு மேல 47,150 வரைக்கும் 12, அதைத் தாண்டினா 22. சரியா 47,150ன்னா வரி 5,426 டாலர். இன்னும் ஆயிரம் டாலர் கூட வந்தா அந்த ஆயிரத்துக்கு மட்டும்தான் 22 சதவீதம், அதாவது 220 டாலர் கூடுதல் வரி, இந்த வரி போக 780 மிஞ்சும். கீழ இருக்கிற பணத்துக்கு ரேட் மாறாது. சில சலுகைங்க வருமானம் ஏற ஏற குறையும், அது வேற கணக்கு.

கேள்வி: வீட்டு லோன் வட்டி இவ்ளோ ஏறிடுச்சே, ஜனாதிபதி குறைச்சா என்ன?

அது அவர் கையில இல்ல. நாட்டோட அடிப்படை வட்டி 1913ல உருவான ஃபெடரல் ரிசர்வ் கையில இருக்கு, நம்ம ரிசர்வ் பேங்க் மாதிரி மத்திய வங்கி அது, சுருக்கமா ஃபெட்னு சொல்வாங்க. அதை நடத்துற போர்டுல இருக்கிற 7 கவர்னர்களையும் ஜனாதிபதி நியமிக்கிறாரு, செனட் ஒத்துக்கணும், முழு பதவிக்காலம் 14 வருஷம். தேர்தலுக்கு முன்னாடி வட்டியக் குறைச்சு ஓட்டு வாங்கிட்டு அப்புறம் விலைவாசிய ஜனங்க தலையில கட்டக் கூடாதுன்னுதான் இவ்ளோ நீளமா வச்சிருக்காங்க. 2022 ஜூன்ல விலைவாசி ஒரு வருஷத்துல 9.1 சதவீதம் ஏறியிருந்துச்சு. அந்த மார்ச்லயே பூஜ்யத்துக்குப் பக்கத்துல இருந்த அந்த அடிப்படை வட்டிய ஏத்த ஆரம்பிச்ச ஃபெட், 2023 ஜூலைக்குள்ள 5.25-5.5 சதவீதத்துக்குக் கொண்டு போச்சு. வீட்டு லோன் வட்டிய ஃபெட் நேரா வைக்கிறதில்ல, ஆனா அதுவும் பெரும்பாலும் கூடவே ஏறும். 4 லட்சம் டாலர், 30 வருஷ லோன், 3 சதவீதம்னா மாசம் சுமார் 1,686, அதுவே 7 சதவீதம்னா 2,661.

கேள்வி: பையன் ஸ்கூல்ல மியூசிக் கிளாஸ நிறுத்திட்டாங்க, காங்கிரஸ் மெம்பருக்கு எழுதலாமா?

எழுதி பிரயோஜனம் இல்லைங்க, இது உங்க ஊர் ஸ்கூல்கள நடத்துற ஸ்கூல் போர்டு கையில இருக்கு, அவங்க மீட்டிங்குக்கு நேரா போங்க. பல ஊர்ல வீட்டு வரில பெரும் பங்கு ஸ்கூலுக்குத்தான் போகுது.

கேள்வி: அக்கா, சாதாரண ஆள் அரசியல் சட்டத்த மாத்த முடியுமா? ப்ராஜெக்டுக்கு வேணும்.

முடியும் கண்ணு. பொதுவா ரெண்டு சபையிலயும் மூணுல ரெண்டு பங்கு ஓட்டு, அப்புறம் 38 மாநிலம் ஒத்துக்கணும், அதனாலதான் இதுவரைக்கும் 27 திருத்தம்தான். கடைசியா வந்ததப் பத்தி எழுது. காங்கிரஸ் தன் சம்பளத்த மாத்தினா அடுத்த ஹவுஸ் தேர்தல் முடிஞ்சப்புறம்தான் அமலுக்கு வரணும்னு 1789ல மாநிலங்களோட சம்மதத்துக்கு அனுப்பினது, போதுமான மாநிலம் சேராம கிடப்புல கிடந்துச்சு. 1982ல டெக்சஸ் ஆஸ்டின்ல காலேஜ் படிச்ச கிரெகரி வாட்சன் அதுக்கு இன்னும் உயிர் இருக்குன்னு ஒரு பேப்பர் எழுதினாரு, கிடைச்சது சி கிரேடு. விடாம மாநில சட்டசபைக்காரங்களுக்கு லெட்டர் போட்டுக்கிட்டே இருந்தாரு, ஒவ்வொரு மாநிலமா வந்து சேந்து 1992ல சட்டமாச்சு. 2017ல அவரோட அந்த சி கிரேட ஏ ஆக்கிக் குடுத்தாங்க.