கல்லூரியில் குறும்படம் எடுப்பதால் மாணவருக்கு உண்மையில் என்ன கிடைக்கும்?

கேள்வி கேட்டவர் இரண்டாம் ஆண்டு மாணவர். ஐந்து பேர் சேர்ந்து ஒரு குறும்படம் எடுக்கப் போகிறார்களாம். வீட்டில் "இதனால என்ன பிரயோஜனம்?" என்று கேட்கிறார்கள், எனக்கும் பதில் சொல்லத் தெரியவில்லை என்று எழுதியிருக்கிறார். நான் எடுத்த ஒரே படத்தை வைத்துப் பதில் சொல்கிறேன்.

நான் பி.காம் படித்தவள். 2022-இல் மூன்றாம் ஆண்டு படிக்கும்போது கல்லூரித் திரைப்பட மன்றத்துக்காக ஆறு நிமிடம் நாற்பது விநாடியில் ஒரு படம் எடுத்தோம். இப்போது ஓர் அலுவலகத்தில் கணக்குப் பார்க்கிறேன். குறும்படம் என்றாலே சினிமாவுக்குப் போகும் கதவு என்ற எண்ணம் நம்மிடம் இருக்கிறது. அது பொய்யும் இல்லை. கலைஞர் தொலைக்காட்சியின் நாளைய இயக்குநர் நிகழ்ச்சியில் குறும்படம் எடுத்த கார்த்திக் சுப்பராஜும் நலன் குமாரசாமியும் பிறகு பெரிய படம் எடுத்தார்கள். ஆனால் அந்தக் கதவுக்குப் போகாத என்னைப் போன்றவர்களுக்கும் இதில் நிறைய இருக்கிறது.

எங்கள் கதை ரேஷன் கடையில் நடக்கிறது. தென்காசி மாவட்டத்தில் ஆலங்குளம் பக்கம் வீட்டுக்கு வீடு பீடி சுற்றுவார்கள். நாற்பது, ஐம்பது வருஷம் இலையையும் நூலையும் தேய்த்த விரலில் ரேகை மழுங்கிப் போயிருக்கும். 2020-இல் ரேஷன் கடைகளில் கைரேகை வைக்கும் முறை வந்தபோது அந்த விரல்களை மெஷின் ஏற்காமல் பலர் திரும்பி வந்தார்கள். கார்டில் பேர் உள்ள வேறு யாராவது போய் ரேகை வைக்கலாம்தான். தனியாக இருக்கும் பாட்டி யாரை அனுப்புவார்? இதுதான் கதை.

நான்தான் எழுதினேன். மெஷின் மூன்று முறை சிவப்பு விளக்கு காட்டும், பாட்டி விரலைப் பார்ப்பார், கண் கலங்கும், வெறும் பையோடு அழுதுகொண்டே தெருவில் நடப்பார் என்று இருந்தது. எழுதி முடித்தபோது எனக்கே தொண்டை அடைத்தது. நல்ல கதை எழுதிவிட்டேன் என்று உறுதியாக நம்பினேன்.

நடிக்க வைக்க நினைத்தது எங்கள் கேமராமேனுடைய ஆச்சியை. பன்னிரண்டு வயதிலிருந்து பீடி சுற்றுகிறவர். திண்ணையில் சொளவை, அதாவது முறத்தை, மடியில் வைத்துச் சுற்றிக்கொண்டிருந்தவரிடம் கதையை வாசித்துக் காட்டினேன். கை நிற்காமலே கேட்டார். அழும் இடம் வந்ததும் கை நின்றது.

"ஏட்டி, ரேசன் கடையில போய் அழுவாளாக்கும்? அடுத்த மாசமும் அங்கனதான போய் நிக்கணும்?"

"அப்ப என்ன செய்வீங்க ஆச்சி?"

"என்ன செய்ய? சேலையில தொடச்சிட்டு வைப்பேன். வரலன்னா அடுத்த வெரலு. அதும் வரலன்னா, பின்னால நிக்கவள வுட்டுட்டு ஓரமா நின்னுக்கிடுவேன். எல்லாரும் போனப்பெறவு இன்னொருக்கா வச்சுப் பாப்பேன்."

அன்று ராத்திரி என் கதையைத் திரும்ப வாசித்தேன். அதில் இருந்தது ஆச்சி இல்லை. ஏழைப் பாட்டி என்றால் அழுவார் என்று நான் எங்கிருந்தோ எடுத்து வைத்திருந்த ஓர் உருவம். எங்கள் தெருவிலேயே பத்து வீட்டில் பீடி சுற்றுகிறார்கள். தினமும் அவர்களைத் தாண்டித்தான் பஸ் ஏறினேன். ஆனாலும் அந்த ஒரு விஷயம், அடுத்த மாதமும் அதே ஆளிடம் போய் நிற்க வேண்டும் என்பது, எனக்குத் தோன்றவே இல்லை. கதையைக் கிழித்துப் போட்டுவிட்டு ஆச்சி சொன்னதை அப்படியே எழுதினோம். சேலையில் துடைப்பது, விரல் விரலாக மாற்றி வைப்பது, கடைசியில் பின்னால் நிற்கும் பெண்ணிடம் "நீ வையி தாயி, நான் பெறவு வைக்கேன்" என்று சொல்லிவிட்டுச் சுவர் ஓரமாக ஒதுங்குவது. படம் பார்த்தவர்கள் பேசியதெல்லாம் அந்த ஒதுங்கும் இடத்தைப் பற்றித்தான்.

நீங்களும் யாரைப் பற்றி எடுக்கிறீர்களோ அவரிடம் கதையை வாசித்துக் காட்டுங்கள். மற்ற எதைவிடவும் இதை முதலில் செய்யுங்கள் என்று கெஞ்சிக் கேட்பேன்.

அடுத்து வந்தது வேறு ஒரு பாடம். "இத்தனை வருஷ உழைப்பும் அவர் மனதில் ஓடியது" என்று திரைக்கதையில் ஒரு வரி எழுதியிருந்தேன். கேமராமேன் அதைக் காட்டி, "இதை எங்க வச்சு எடுக்கணும்னு சொல்லு" என்றான். எனக்குக் கோபம் வந்தது. ஆனால் அவன் கேட்டது சரி. மனதில் ஓடுவதைக் கேமரா எடுக்காது. கண்ணுக்குத் தெரிவதும் காதுக்குக் கேட்பதும்தான் திரையில் இருக்கும். அந்த வரியை எடுத்துவிட்டு, வரிசையில் நிற்கும்போதும் ஆச்சியின் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் பீடி உருட்டுவதுபோல் சும்மாவே உரசிக்கொண்டிருப்பதாக வைத்தோம். அது நாங்கள் கண்டுபிடித்தது கூட இல்லை. அவருடைய விரல் எப்போதும் அப்படித்தான் இருக்கும். இப்போது அலுவலகத்தில் ஓர் அறிக்கை எழுதினாலும், நான் சொல்ல நினைப்பது தாளில் இருக்கிறதா, என் தலைக்குள் மட்டும் இருக்கிறதா என்று ஒரு முறை பார்த்துவிட்டுத்தான் அனுப்புகிறேன்.

ஒளி பற்றிச் சுருக்கமாகச் சொல்கிறேன். நிஜ ரேஷன் கடையில் எடுக்க அனுமதி கிடைக்கவில்லை. ஒரு பழைய கட்டடத்தின் வராந்தாவில் மேசை, தராசு, சாக்குமூட்டை வைத்துக் கடை போட்டோம். ட்யூப்லைட் வெளிச்சத்தில் செல்போனில் எடுத்ததும் படம் முழுக்கப் பட்டை பட்டையாக ஓடியது. நம் ஊர் மின்சாரம் 50 ஹெர்ட்ஸ் என்பதால் அந்த விளக்கு விநாடிக்கு 100 முறை கூடிக் குறைகிறது. ஒவ்வொரு பிரேமுக்கும் வெளிச்சம் உள்ளே வரும் நேரத்தை, அதாவது ஷட்டரை, போன் தானாகவே மாற்றிக்கொள்ள விட்டால் அந்தத் துடிப்பு பதிவாகிவிடும். கையால் 1/50 விநாடி என்று நிறுத்தி வைத்ததும் பட்டை போய்விட்டது. பன்னிரண்டாம் வகுப்பில் மாறுதிசை மின்னோட்டம் படித்த ஒருவன் எங்கள் குழுவில் இருந்தான். பரீட்சைக்குப் படித்தது இதற்கா என்று அவன் சொன்ன விதம் இன்னும் ஞாபகம் இருக்கிறது. மற்றபடி ஜன்னல் வெளிச்சமும், அதை முகத்துக்குத் திருப்ப ஒரு தெர்மாகோல் அட்டையும் போதும்.

சத்தம்தான் எங்களை அழ வைத்தது. எடுத்தது ஆடி மாதம். அந்தப் பக்கத்து ஆடிக்காற்று பற்றித் தெரிந்தவர்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. திண்ணையில் எடுத்த ஏழு ஷாட்டிலும் ஆச்சி பேசியது கேட்கவில்லை, காற்றுதான் கேட்டது. படம் மங்கலாக இருந்தால் பார்க்கிறவர் பொறுத்துக்கொள்வார், பேச்சு கேட்காவிட்டால் எழுந்து போய்விடுவார். மறுபடி எடுத்தபோது இன்னொரு போனைப் பஞ்சு சுற்றி, படத்தில் தெரியாமல் ஆச்சிக்கு ஒரு கை தூரத்தில் வைத்துத் தனியாக ஒலிப்பதிவு செய்தோம். ஒவ்வொரு ஷாட் தொடக்கத்திலும் ஒரு கைதட்டல். எடிட்டிங்கில் அந்தத் தட்டலை வைத்துத்தான் படத்தையும் சத்தத்தையும் சேர்க்க முடியும். ஒவ்வொரு இடத்திலும் யாரும் பேசாமல் அரை நிமிடம் வெறும் அமைதியைப் பதிவு செய்துகொண்டோம். அதை வெட்டு விழுந்த இடங்களுக்கு அடியில் போட்டால்தான் ஒட்டுத் தெரியாது. அப்போதுதான் ஒன்று கவனித்தேன். வராந்தாவின் அமைதியும் ஆச்சி வீட்டின் அமைதியும் ஒன்று இல்லை. ஆச்சி வீட்டு அமைதியில் தூரத்து டிவியும், ஓடு லேசாக அசைவதும், கோழியும் இருந்தன. ராத்திரி பதினொரு மணிக்குக் காற்று அடங்கியபின் கத்தரி பீடி இலையை வெட்டும் சத்தத்தை மட்டும் தனியாகப் பதிவு செய்தோம். காய்ந்த இலையை நனைத்துப் பதமாக்கித்தான் வெட்டுவார்கள், அதனால் அந்தச் சத்தம் சரக்கென்று இருக்காது, துணி வெட்டுவதுபோல் தணிந்து இருக்கும். நான் காதால் கேட்டேன் என்று சொல்லக்கூடிய முதல் சத்தம் அதுதான்.

அப்புறம் கூலி விஷயம்.

ஒரு காட்சியை இரண்டு நாள் எடுக்க வேண்டியிருந்தது. சொளவில் சுற்றி முடித்த பீடி குவிந்திருக்கும். மறுநாளும் அதே குவியல் வேண்டும், இல்லாவிட்டால் ஒரு ஷாட்டில் நிறையவும் அடுத்த ஷாட்டில் ஒன்றும் இல்லாமலும் தெரியும். சொல்லிவிட்டுத்தான் வந்தோம். காலையில் போனால் சொளவு காலி. ஆச்சி பீடிக் கடைக்குப் போய்க் கொடுத்துவிட்டு, புது இலையும் தூளும் வாங்கி வந்துவிட்டார்.

வங்காள இயக்குநர் சத்யஜித் ராய் தன் முதல் படமான பதேர் பாஞ்சாலியை எடுக்கத் தொடங்கியபோது இப்படி ஒன்று நடந்தது. 1952-இல் முதல் நாள் காஷ் என்னும் நாணல் பூ பூத்த வெளியில் பாதிக் காட்சி எடுத்துவிட்டு அடுத்த ஞாயிறு போய்ப் பார்த்தால், பூவையெல்லாம் மாடுகள் மேய்ந்துவிட்டன. மீதிக் காட்சிக்கு அடுத்த பருவம் வரை காத்திருந்தார். திரைப்பட மன்றத்தில் இதை எங்களுக்குச் சொல்லியிருந்தார்கள், அதனால் எங்கள் ஒருத்தி உடனே, "நம்ம பூவை மாடு தின்னுட்டு" என்றாள்.

ஆனால் அது மாடு இல்லை. ஆச்சியிடம் கேட்டபோது, "அதக் குடுத்தாத்தானட்டி கூலி?" என்றார். பீடிக்கு ஆயிரத்துக்கு இவ்வளவு என்றுதான் கூலி. நாங்கள் கேமரா முன்னால் அவரை நிறுத்தி வைத்த நேரமெல்லாம் அவர் சுற்றாத பீடி. நான் பி.காம் மாணவி, படத்துக்கு வரவு செலவுத் திட்டம் போட்டவள். ட்ரைபாட் வாடகை, பஸ் காசு, எல்லோருக்கும் மதியச் சாப்பாடு, பென் டிரைவ் வரைக்கும் எழுதியிருந்தேன். நடிக்கிறவருக்குக் கூலி என்று ஒரு வரி இல்லை. வேலையில் ரேகையே தேய்ந்துபோன ஒருவரைப் பற்றிப் படம் எடுக்கும்போதே அவர் கூலியைப் போக்கியிருக்கிறோம். அன்று எனக்கு வந்த வெட்கம் இன்னும் போகவில்லை. சாப்பாட்டுச் செலவைக் குறைத்து, அவரவர் வீட்டிலிருந்து கட்டிக்கொண்டு வந்து, நாலு நாள் கூலியை அவர் கையில் கொடுத்தோம். முதலில் வாங்க மறுத்தார். பேரன் சொன்னபிறகு வாங்கிக்கொண்டார். உங்கள் குழுவில் யார் கணக்கு எழுதுகிறாரோ, முதல் வரியாக அதை எழுதச் சொல்லுங்கள்.

எடிட்டிங்கில் உட்கார்ந்து முதலில் ஒட்டிப் பார்த்தபோது படம் பதினான்கு நிமிடம் வந்தது. அதைக் குறைக்கும்போது ஒன்று புரிந்தது. சுமார் நூறு வருஷத்துக்கு முன்னால் ருஷ்யாவில் குலெஷோவ் என்பவர் ஒரு நடிகரின் ஒரே முகத்தை எடுத்து, ஒரு தடவை சூப் தட்டுக்குப் பக்கத்திலும் ஒரு தடவை சவப்பெட்டிக்குப் பக்கத்திலும் ஒட்டிக் காட்டியதாகப் படித்திருப்பீர்கள். பார்த்தவர்கள் அதே முகத்தில் பசியையும் துக்கத்தையும் கண்டார்களாம். படித்தபோது ஒரு தகவலாகத்தான் இருந்தது. ஆச்சி ஒன்றும் செய்யாமல் பார்த்துக்கொண்டிருக்கும் ஒரு ஷாட்டை மெஷினின் சிவப்பு விளக்குக்கு அடுத்து வைத்ததும் எடிட்டிங்கில் உட்கார்ந்திருந்த நாங்கள் மூன்று பேரும் பேச்சை நிறுத்திவிட்டோம். அந்த ஷாட்டில் ஆச்சி நிஜமாகப் பார்த்துக்கொண்டிருந்தது வராந்தாவில் ஏறிய ஓர் ஆட்டை. அதற்கப்புறம் செய்தியிலோ வாட்ஸ்அப்பிலோ ஒரு முகத்தைக் காட்டி ஏதாவது சொன்னால், இதற்கு முன்னால் என்ன இருந்தது, எதை வெட்டினார்கள் என்று கேட்காமல் இருக்க முடிவதில்லை.

குழுவில் சண்டை வரும். எங்களுக்கும் வந்தது, ஒரு வாரம் இரண்டு பேர் பேசிக்கொள்ளவில்லை. யார் கடைசி முடிவு சொல்வது என்பதை முதல் நாளே பேசிவிட்டால் பாதி குறையும்.

முடிந்த படத்தை முதலில் காட்டியது கல்லூரியில் இல்லை. ஆச்சி தெருவில் ஒரு வீட்டு டிவியில் பென் டிரைவைச் செருகிக் காட்டினோம். பீடி சுற்றுகிற பெண்கள் பதினைந்து பேர் இருந்திருப்பார்கள். ஆச்சி ஒதுங்கி நிற்கும் இடத்தில் ஒருவரும் பேசவில்லை. முடிந்ததும் ஓர் அக்கா மட்டும் ஒன்று கேட்டார்.

"நடுவுல ஒரு கை மெஷின்ல வெரலு வைக்குதே, அது யாரு கை?"

அந்த நெருக்கமான ஷாட் எடுத்த நாளில் ஆச்சிக்கு உடம்பு சரியில்லை. விரல் மட்டும்தானே தெரிகிறது என்று என் கையில் ஆச்சியின் வளையலைப் போட்டு எடுத்திருந்தோம். நாங்கள் ஐந்து பேரும் அந்த ஷாட்டை நூறு தடவை பார்த்திருப்போம். ஒருவருக்கும் படவில்லை.

"அது பீடி சுத்துன வெரலு இல்லியே," என்றார் அந்த அக்கா. "அந்த வெரலுக்கு மெஷின் ஒடனே தொறந்திருக்குமே."

மறுநாள் காலையில் மெஷினைத் தூக்கிக்கொண்டு ஆச்சி வீட்டுத் திண்ணைக்கே போனோம். நாலு விநாடி ஷாட். ஆச்சி விரலைச் சேலையில் துடைத்துவிட்டு வைத்தார்.