ஸ்பீக்கரோடு ஒட்டிப் பாடும் சப்வூஃபர்

கேள்வி: என் உயர்தர ஸ்டாண்ட் ஸ்பீக்கர்கள் 45 ஹெர்ட்ஸ் வரை இறங்கும் (அங்கே சத்தம் 3 டெசிபல் குறைந்திருக்கும்). இசை மட்டும்தான் கேட்பேன். அறை 5 மீட்டர் நீளம், 4 மீட்டர் அகலம். ஆம்ப்ளிஃபயரில் சப்வூஃபருக்கு (பேஸ் எனும் அடிச்சத்தத்துக்கான தனி ஸ்பீக்கர்) அவுட்புட் கிடையாது. சப்வூஃபர் 15 அங்குலத்தில் பெரிதாக ஒன்று வாங்கலாமா, 'வேகமான' பேஸுக்கு 8 அங்குலம் போதுமா?

பதில்: 8 அங்குலம் வேகமானது என்பது தவறான நம்பிக்கை. 40 ஹெர்ட்ஸ் ஒலி ஒரு சுற்று முடிக்க 25 மில்லிசெகண்ட் ஆகும். கோன் (ஸ்பீக்கரில் அசையும் கூம்பு) சிறிதானாலும் பெரிதானாலும் அதே நேரம்தான். பேஸ் கிட்டார் தந்தியை விரல் சுண்டும் கூர்மை பல நூறு ஹெர்ட்ஸில் இருக்கிறது. அதை உங்கள் ஸ்பீக்கர்களே தருகின்றன. பேஸ் இழுபடுவதுபோல் கேட்டால், பெரும்பாலும் அறை அந்த ஒலியை நீட்டிப் பிடிக்கிறது, அல்லது சப்வூஃபரும் ஸ்பீக்கரும் சேருமிடத்தில் ஃபேஸ் பொருந்தவில்லை, அதாவது இரண்டின் ஒலி அலைகளும் ஒன்றாக ஏறி இறங்கவில்லை. சிறிய கோனுக்கு வேறொரு சிரமமும் உண்டு: சத்தம் குறையாமல் ஒரு ஆக்டேவ் கீழே (ஹெர்ட்ஸில் பாதிக்கு) போக, கோன் நான்கு மடங்கு தூரம் அசைய வேண்டும். 30 ஹெர்ட்ஸில் 8 அங்குலம் திணறிவிடும்.

உங்கள் அறையைக் கணக்குப் போட்டுப் பாருங்கள். ஒலியின் வேகமான நொடிக்கு 343 மீட்டரை, நீளத்தின் இரு மடங்கால் வகுத்தால் 34 ஹெர்ட்ஸ். அகலத்தின் இரு மடங்கால் வகுத்தால் 43 ஹெர்ட்ஸ். இந்த இரண்டிலும் அறை தானாகவே முழங்கும். பேஸ் கிட்டாரின் கீழ் எஃப் சுரம் 43.7 ஹெர்ட்ஸ். ஸ்பீக்கர்கள் சப்வூஃபரோடு சேரப்போகும் இடமும் அதுவே. பக்கத்துச் சுரங்கள் அடக்கமாக இருக்க, எஃப் மட்டும் 'பூம்' என்று எழும். பெரிய சப்வூஃபர் ஒன்றை மூலையில் வைத்தால் இது இன்னும் மோசமாகும்.

ஆகவே ஒரு பதினைந்துக்குப் பதில், ஒரே மாடலில் இரண்டு 10 அங்குல சீல்டு (முழுதாக மூடிய) பெட்டிகள் என்பதே என் பரிந்துரை. இரண்டின் கோன் பரப்பும் சேர்ந்தால் ஒரு 12 அங்குலத்தைப் போல 1.4 மடங்கு. 5 மீட்டர் சுவர்கள் இரண்டின் நடுவிலும், எதிரெதிராக ஒவ்வொன்றாக வையுங்கள். அகலத்தின் 43 ஹெர்ட்ஸ் முழக்கத்தை இரண்டும் எதிரெதிராகத் தூண்டுவதால் அது அடங்கும். நீளத்தின் நடுப்புள்ளியில் இருப்பதால் 34 ஹெர்ட்ஸ் அவ்வளவாகக் கிளம்பாது. கதவு தடுத்தால் முன்பக்க மூலைகள் இரண்டும் அடுத்த தேர்வு. அங்கே 43 அடங்கும், 34 அடங்காது. சீல்டு ஏன் என்றால், அது ஆக்டேவுக்கு 12 டெசிபல் என்று மெதுவாகச் சரியும், அறையும் அடியில் கொஞ்சம் தூக்கிக் கொடுக்கும். போர்ட் (காற்றுத் துளையுள்ள) பெட்டி, அந்தத் துளைக்கு ட்யூன் செய்த ஹெர்ட்ஸுக்குக் கீழே 24 டெசிபல் என்று செங்குத்தாக விழும்.

வாங்கும்முன் பின்பக்கப் பலகையைப் பாருங்கள். கிராஸ்ஓவர் (சப்வூஃபர் எந்த ஹெர்ட்ஸுக்கு மேல் ஒதுங்க வேண்டும் என்ற எல்லை) 40 ஹெர்ட்ஸ் வரையாவது இறங்க வேண்டும். சில மாடல்கள் 50-க்குக் கீழே போகாது, உங்களுக்கு அவை ஆகாது. ஃபேஸுக்கு 0, 180 என்ற சுவிட்ச் போதாது, படிப்படியாகத் திருப்பும் குமிழ் வேண்டும். வயர்லெஸ் இணைப்பைத் தவிருங்கள். அதில் 15 மில்லிசெகண்ட் தாமதமானால், சப்வூஃபரை 5 மீட்டர் பின்னால் தள்ளி வைத்ததற்குச் சமம். எந்தக் குமிழாலும் அதை முழுதாகச் சரிசெய்ய முடியாது.

ஸ்பீக்கர் லெவல் இன்புட் கட்டாயம் வேண்டும். இருந்தால் ஆம்ப்ளிஃபயரின் ஸ்பீக்கர் முனைகளிலிருந்தே சிக்னலை இழுக்கலாம். அந்த இன்புட்டின் தடை மிக அதிகம் என்பதால் ஆம்ப்ளிஃபயருக்குச் சுமையே தெரியாது. இரண்டு பெட்டிகளுக்கும் இடது, வலது இரு சேனல்களையும் கொடுங்கள். ஒரே சிக்னல் போனால்தான் மேலே சொன்ன அடக்கம் நடக்கும். ஆனால் ஆம்ப்ளிஃபயர் பிரிட்ஜ்டு வகையா என்பதைத் தயாரிப்பாளரிடம் முதலில் கேளுங்கள். கிளாஸ் டி எனும் ஸ்விட்சிங் வகை ஆம்ப்ளிஃபயர்களில் பல அப்படித்தான். பிரிட்ஜ்டு வகையில் மைனஸ் முனையிலும் சிக்னல் ஓடும். சப்வூஃபரின் கறுப்பு வயரை அங்கே மாட்டினால் ஆம்ப்ளிஃபயர் போய்விடலாம். அதற்குத் தனி இணைப்பு முறை உண்டு, கையேட்டின்படி செய்யுங்கள்.

மாட்டியபின் கிராஸ்ஓவரை 45-ல் வையுங்கள். ஆம்ப்ளிஃபயரை அணைத்து, ஸ்பீக்கர்கள் இரண்டின் வயர்களையும் பிளஸ்-மைனஸ் மாற்றுங்கள். இதை ஸ்பீக்கர் முனையில்தான் செய்ய வேண்டும். ஆம்ப்ளிஃபயர் முனையில் மாற்றினால் சப்வூஃபருக்கும் சேர்ந்தே மாறிவிடும். பிறகு ஆம்ப்ளிஃபயரைப் போட்டு, 45 ஹெர்ட்ஸ் மோனோ டோனை (இரு சேனலிலும் ஒரே ஒலி) ஒலிக்க விட்டு, உங்கள் இருக்கையில் டோன் மிகத் தாழ்வாகக் கேட்கும்வரை ஃபேஸ் குமிழ்களை ஒன்றுபோலத் திருப்பவேண்டும். நீங்கள் உட்கார்ந்து கேட்க, இன்னொருவர் திருப்பினால் எளிது. சத்தம் ஏறும் உச்சத்தைவிட இறங்கும் பள்ளம் காதுக்குத் தெளிவாகப் பிடிபடும். மறுபடி அணைத்து வயர்களை நேராக்கினால் அதே இடத்தில் இரண்டும் ஒன்றாகத் தள்ளும்.

சப்வூஃபரின் லெவலுக்கு (சத்த அளவுக்கு), கீழ் ஈ முதல் ஒவ்வொரு சுரமாக ஏறும் பேஸ் கிட்டார் வாசிப்பைப் போடுங்கள். கீழ்ச்சுரங்கள் எல்லாமே பருத்தால் லெவலைக் குறையுங்கள். ஒரே ஒரு சுரம் மட்டும் துருத்தினால் லெவலைத் தொடாதீர்கள், பெட்டியை 20 செ.மீ. நகர்த்துங்கள். ஒலி எங்கிருந்து வருகிறது என்று சப்வூஃபரைக் காட்ட முடிந்தால், லெவல் இன்னும் அதிகம் அல்லது கிராஸ்ஓவர் இன்னும் உயரம்.