அக்காவுக்கு 9, தம்பிக்கு 3: எந்த அறிக்கை பொய்?

கேள்வி: நானும் என் அக்காவும் ஒரே நிறுவனத்தில் வம்சாவளி மரபணுச் சோதனை செய்துகொண்டோம். அம்மாவழிப் பாட்டியின் அம்மாவழிப் பாட்டி கடல் கடந்து வந்தவர் என்று வீட்டில் சொல்வார்கள். அவர் பிறந்த பகுதியின் பங்கு அக்காவுக்கு 9 சதவீதம், எனக்கு 3 சதவீதம் என்று வந்தது. ஓராண்டு கழித்துப் பார்த்தால் என்னுடையது 2 ஆகிவிட்டது. சோதனையில் பிழையா? இல்லை, நாங்கள் ஒரே பெற்றோரின் பிள்ளைகள்தானா?

பதில்: கடைசிக் கேள்வியை முதலில் எடுத்துக்கொள்கிறேன். உங்கள் தூக்கத்தைக் கெடுப்பது அதுதானே. அதற்கான விடையைச் சதவீதப் பக்கத்தில் தேடாதீர்கள். அதே அறிக்கையில் உறவினர் பட்டியல் என்று வேறொரு பக்கம் இருக்கும். உங்கள் இருவருக்கும் பொதுவான டி.என்.ஏ. எவ்வளவு என்பதை அங்கே சென்டிமார்கன் கணக்கில் (டி.என்.ஏ. துண்டுகளை அளக்கும் அலகு அது) கொடுத்திருப்பார்கள். தாய் தந்தை இருவரும் பொது என்றால் அது பெரும்பாலும் 2,300 முதல் 2,900 வரை இருக்கும். ஒருவர் மட்டுமே பொது என்றால் 1,750ஐ ஒட்டி நிற்கும். இன்னும் உறுதியான அடையாளம் ஒன்று உண்டு. ஒரே பெற்றோரின் பிள்ளைகளுக்கு மரபணுத்தொகையில், அதாவது மொத்த டி.என்.ஏ.வில், ஏறத்தாழ கால்பங்கு இடங்களில் தாய் தந்த பிரதி, தந்தை தந்த பிரதி இரண்டுமே ஒத்துப்போகும். பெற்றோரில் ஒருவர் மட்டும் பொதுவானவர்களுக்கு இது அநேகமாக இருக்காது. குரோமோசோம் வாரியாக ஒப்பிட்டுக் காட்டும் படம் இருந்தால் ஒரு நிமிடத்தில் தெரிந்துவிடும்.

சரி, பிறகு ஏன் 9ம் 3ம்? உங்கள் அம்மாவிடம் ஒவ்வொரு குரோமோசோமும் இரண்டு மாலைகளாக இருக்கிறது. ஒன்று அவருடைய அப்பா தந்தது, மற்றது அவருடைய அம்மா தந்தது. கருமுட்டை உருவாகும்போது அந்த இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் படுத்து, சில இடங்களில் அறுந்து, துண்டு மாறி முடிச்சுப் போட்டுக்கொள்கின்றன. பாடநூல் இதைக் குறுக்கேற்றம் என்கிறது. எல்லாக் குரோமோசோம்களையும் சேர்த்துப் பார்த்தால் ஒரு கருமுட்டையில் இப்படிச் சுமார் 40 இடங்கள், விந்தணுவில் இன்னும் குறைவு. அவ்வளவுதான்! அதாவது மரபணு பொடிப்பொடியாக அரைத்துக் கலக்கப்படுவதில்லை. பெரிய பெரிய துண்டுகளாகக் கைமாறுகிறது. குட்டைக் குரோமோசோம்களான 21, 22 இரண்டும் பாட்டியுடையது அப்படியே முழுதாக வந்துசேரலாம், அல்லது அவருடையது துளியும் வராமலும் போகலாம். நீங்கள் உருவான கருமுட்டையும் அக்கா உருவான கருமுட்டையும் தனித்தனியே வெட்டி ஒட்டப்பட்டவை. தாத்தா பாட்டியிடமிருந்து ஆளுக்குக் கால்பங்கு என்பது வெறும் சராசரி. 20க்குக் கீழும் இறங்கும், 30ஐயும் தொடும்.

பாட்டி, பூட்டி, ஓட்டி என்று எண்ணிக்கொண்டு போனால் நீங்கள் சொல்பவர் ஓட்டி. அந்தத் தலைமுறையில் உங்களுக்கு 16 பேர். ஆளுக்குப் பதினாறில் ஒரு பங்கு, அதாவது 6.25 சதவீதம். ஒரு பிள்ளைக்கு 3, இன்னொரு பிள்ளைக்கு 9 என்பது இதைச் சுற்றி விழக்கூடிய எண்கள்தாம். வீட்டுக் கதையை இது நிரூபித்துவிடவில்லை; ஆனால் கதைக்கு முரணாகவும் இல்லை. இன்னும் மேலே, 10 தலைமுறை போனால் 1,024 முன்னோர் இடங்கள். அவர்களில் ஏறத்தாழ பாதிப் பேரின் டி.என்.ஏ. உங்களிடம் ஒரு துண்டுகூட இராது. முன்னோர் என்ற உறவு அதனால் அறுந்துவிடாது.

3 எப்படி 2 ஆனது? உங்கள் உமிழ்நீர் மாறவில்லை, ஒப்பிடும் கூட்டம் மாறியிருக்கிறது. பெரும்பாலும் இன்று உயிரோடு இருப்பவர்களையே மாதிரிக் குழுக்களாகத் திரட்டி, உங்கள் டி.என்.ஏ.வில் பல லட்சம் இடங்களை அவர்களோடு ஒப்பிட்டு, 'எந்தக் குழுவில் இது மாதிரி அதிகம்?' என்று கணினி நிரல் கணக்கிடுகிறது. டி.என்.ஏ.வின் எந்த ஓர் எழுத்தும் (A, T, G, C என்ற நான்கில் ஒன்று) ஒரு குழுவின் தனிச்சொத்து கிடையாது. ஒரு குழுவில் நூற்றுக்கு 30 பேரிடம், பக்கத்துக் குழுவில் 40 பேரிடம் என்கிற மாதிரிதான் வித்தியாசம். மனிதர்களுக்கிடையே உள்ள மரபணு வேறுபாட்டில் சுமார் 85 சதவீதம் ஒவ்வொரு குழுவுக்குள்ளேயே இருக்கிறது என்று மரபியலாளர் ரிச்சர்ட் லெவான்டின் 1972இலேயே கணக்கிட்டுக் காட்டினார். எனவே பக்கத்துப் பக்கத்துக் குழுக்களை நிரல் குழப்பிக்கொள்வது இயல்பு. மாதிரியில் ஆட்களைச் சேர்த்தாலும் கணக்கு முறையைத் திருத்தினாலும் ஓரிரு சதவீதம் நகரும். ஒரு சதவீதத்துக்கும் கீழே வரும் பெயர்களை நான் படிப்பதே இல்லை.

அந்தக் குழுக்களும் ஆதியிலிருந்து அப்படியே இருந்தவை அல்ல. இன்றைய ஐரோப்பியர்களை எடுத்துக்கொள்ளுங்கள். பழங்கால எலும்புகளின் டி.என்.ஏ. சொல்வது: அங்கிருந்த வேட்டைச் சமூகம், அனத்தோலியாவிலிருந்து (இன்றைய துருக்கிப் பகுதி) வந்த உழவர்கள், சுமார் 5,000 ஆண்டுகளுக்கு முன் ஸ்டெப்பி புல்வெளியிலிருந்து வந்த மேய்ப்பர்கள் ஆகிய மூவரின் கலவை அவர்கள். அறிக்கையில் அது ஒரே வண்ணத்தில் பூசப்பட்டிருக்கும்!

உங்கள் விஷயத்தில் ஓர் அதிர்ஷ்டம் உண்டு. ஓட்டி வரை இடையில் ஓர் ஆண்கூட இல்லாத தாய்வழி இது. செல்லுக்கு ஆற்றல் தரும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியே இருக்கும் டி.என்.ஏ. தாயிடமிருந்து மட்டுமே வருகிறது. மொத்தம் 16,569 எழுத்துகள், வெட்டு ஒட்டு கிடையாது. ஓட்டியின் பிரதி அநேகமாக மாறாமல் உங்களிடமும் அக்காவிடமும் இருக்க வேண்டும். இருவர் அறிக்கையிலும் தாய்வழிக் கிளையை, அதாவது இந்த டி.என்.ஏ.வை வைத்துக் குறிக்கும் வம்சக் கிளையின் பெயரை, பாருங்கள். அது வேறு வேறாக இருந்தால் மட்டும் மாதிரிக் குப்பி மாறிவிட்டதா என்று நிறுவனத்திடம் கேளுங்கள். அந்தக் கிளை ஓட்டியின் பிறந்த பகுதியில் பரவலாகக் காணப்படுவதாக இருந்தால் கதைக்கு வலு கூடும். ஆனால் 16 பேரில் ஒருவரைப் பற்றி மட்டுமே அது பேசும்.

அம்மா இருக்கிறார், சம்மதிக்கிறார் என்றால், அடுத்த செலவை அவருடைய சோதனைக்குச் செய்யுங்கள். ஓட்டி அவருக்கு ஒரு தலைமுறை அருகில் இருப்பதால் சராசரியாக 12.5 சதவீதத்தை எதிர்பார்க்கலாம். அம்மாவின் அறிக்கையில் அந்தப் பகுதி 2 சதவீதம்தான் என்று வந்தால், அக்காவின் 9இல் பெரும்பகுதி அப்பா பக்கத்திலிருந்து வந்ததா என்று பார்க்க வேண்டியிருக்கும்.