அப்பா கழுத்தில் மாட்டிவிட அது என்ன மாலையா?

கேள்வி: என் அப்பா அம்மாவை ஜப்பானுக்குச் சுற்றுலா அழைத்துப் போகிறேன். இருவருக்கும் இதுதான் முதல் வெளிநாட்டுப் பயணம். போகும் வழியில் சிங்கப்பூரில் ஒரு நாள் தங்குகிறோம். நல்ல மிரர்லெஸ் கேமரா வாங்க வேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை. இரண்டு மாடல்களைத் தேர்ந்து வைத்திருக்கிறேன். சுற்றுலாப் பயணிகளுக்கு வரி இல்லை என்பதால் வெளிநாட்டில் வாங்கினால் மிச்சம் என்கிறார்கள் நண்பர்கள். சிங்கப்பூரில் வாங்குவதா, ஜப்பானில் வாங்குவதா? ஊர் திரும்பிய பிறகு வாரண்டி செல்லுமா? சுங்கத்தில் தொந்தரவு வராமலிருக்கப் பெட்டியை அங்கேயே எறிந்துவிட்டு, கேமராவை அப்பாவின் கழுத்தில் மாட்டி அனுப்பலாம் என்றிருக்கிறேன். கேட்டால், பழைய கேமரா என்று சொல்லிவிடுவார். வயதானவரை யாரும் துருவ மாட்டார்கள். அவரிடமும் சொன்னேன், சரி என்றார். அவர் ஓய்வுபெற்ற கணக்கர், பில்களை எல்லாம் அவரே பத்திரமாக வைத்துக்கொள்வார். இரண்டு மாடல்களில் எது நல்லது என்றும் சொல்லுங்கள்.
— பெயர் வேண்டாம்

பதில்: வெளிநாட்டில் கேமரா வாங்குவது பற்றி எனக்கு வரும் கடிதங்கள் எல்லாம் ஒரே அச்சு. எங்கே மலிவு, வாரண்டி செல்லுமா, சுங்கத்தில் என்ன சொல்வது? உங்கள் கேள்விகளுக்குப் பதில் இருக்கிறது, வருகிறேன். அதற்கு முன் நீங்கள் போகிற போக்கில் எழுதிவிட்டுப் போன ஒரு வரியை எடுத்துக்கொள்கிறேன். "அவரிடமும் சொன்னேன், சரி என்றார்."

சரி என்றாரா? வேறு என்ன சொல்வார், தம்பி? டிக்கெட் உங்களுடையது, ஹோட்டல் உங்களுடையது, அவர் உடுத்திப் போகும் குளிர்சட்டைகூட நீங்கள் வாங்கித் தந்ததாக இருக்கும். மகன் காசில் முதன்முதலாக விமானம் ஏறப்போகிற மனிதர் "இதை நான் செய்ய மாட்டேன்" என்று சொல்லிப் பயணத்தைக் கசப்பாக்குவாரா? வாழ்நாள் முழுக்கக் கணக்குப் பார்த்தவர் அவர். நீங்கள் சொன்ன உடனேயே அது என்ன காரியம் என்று அவருக்குப் புரிந்திருக்கும். புரிந்தும் சரி என்றார் என்றால் அது சம்மதம் இல்லை. உங்கள் மனம் நோகக் கூடாதே என்ற தயவு. அந்தத் தயவைத்தான் சுங்கத்தைத் தாண்ட வழி என்று கணக்கில் எடுத்துக்கொண்டிருக்கிறீர்கள்.

நீங்கள் எழுதியதையே வரிசைப்படுத்திப் பார்க்கிறேன். பில் அப்பாவிடம் இருக்கும். கேமரா அப்பாவின் கழுத்தில் இருக்கும். அதிகாரி கேட்டால் "பழசு" என்று அப்பா சொல்ல வேண்டும். சட்டைப் பையில் நேற்றைய தேதியிட்ட பில்லை வைத்துக்கொண்டு! நிறுத்திவிட்டால் பதிவாகப்போவது அவருடைய பாஸ்போர்ட், அவருடைய பெயர். அபராதம் கட்டுவதும் பொருளைப் பறிகொடுப்பதும் அவர் பெயரில்தான். வயதானவரை யாரும் கேட்க மாட்டார்கள் என்பது உங்கள் ஊகம். கேட்டுவிட்டால், பின்னால் வரிசையில் நின்றபடி நீங்கள் என்ன செய்வதாக உத்தேசம்?

அதிகாரி துருவவும் வேண்டியதில்லை. கேமராவை வாங்கி இயக்கினாலே போதும். புத்தம் புதிய கேமராவில் படங்களின் கோப்பு எண் ஒன்றிலிருந்து தொடங்கும். உள்ளே இருப்பதெல்லாம் இந்தப் பயணத்துப் படங்கள். அடியில் சீரியல் நம்பர் இருக்கிறது. ஸ்ட்ராப்பில் மடிப்புகூடக் கலைந்திருக்காது. இதை எந்த அனுபவசாலியும் பார்த்த மாத்திரத்தில் சொல்லிவிடுவார்.

இன்னொன்று. வரியில்லாமல் வாங்குவது, கட்டிய வரியைத் திரும்பக் கேட்பது என்றால் என்ன என்று யோசித்தீர்களா? "இந்தப் பொருளை நான் இங்கே வாங்கினேன், நாட்டை விட்டு வெளியே கொண்டுபோகிறேன்" என்று பாஸ்போர்ட்டைக் காட்டிப் பதிவு செய்வதுதான் அது. அந்த ஊர் விமான நிலையத்தில் "புதிது, இப்போதுதான் வாங்கினேன்" என்று சொல்லிச் சலுகை வாங்குவீர்கள். சில மணி நேரம் கழித்து இறங்கி, அதே பொருளைப் பழசு என்பீர்கள். அதையும் உங்கள் வாயால் சொல்லாமல் அப்பாவைச் சொல்ல வைப்பீர்கள். பெற்றவர்களை ஊர் சுற்றிக் காட்ட அழைத்துப் போகிறவன், அவர்கள் இத்தனை வருடம் காப்பாற்றிய பேரோடு அவர்களைத் திரும்பக் கொண்டுவந்து சேர்க்க வேண்டும். இதில் எனக்கு இரண்டாவது அபிப்பிராயம் கிடையாது.

மூன்று பேர் போகிறோம், மூன்று பேர் வரம்பையும் சேர்த்துக்கொள்ளலாமே என்று அடுத்துக் கேட்பீர்கள். வரியில்லாமல் கொண்டுவரும் வரம்பு தலைக்கு இவ்வளவு என்றுதான் இருக்கும். ஒரே பொருளின் விலையைப் பல பேர் தலையில் பிரித்துப் போட்டுக்கொள்ளப் பல நாடுகளின் விதிகள் இடம் தருவதில்லை. உங்கள் நாட்டுச் சுங்கத் துறையின் விதியைப் புறப்படும் முன்பே படித்துவிடுங்கள். வரம்பு எவ்வளவு, தாண்டினால் எத்தனை சதவீதம், முழு விலைக்குமா, தாண்டிய தொகைக்கு மட்டுமா? இது தெரியாமல் வெளிநாட்டு விலையைப் பார்த்து மலிவு என்பது வெறும் ஆசை.

இப்போது கணக்கு. ஜப்பானில் நுகர்வு வரி 10 சதவீதம். குறுகிய காலச் சுற்றுலாவில் வரும் வெளிநாட்டவர் அனுமதி பெற்ற கடையில், ஒரே நாளில் வரி நீங்கலாக 5,000 யென்னுக்குக் குறையாமல் வாங்கினால், பாஸ்போர்ட்டைக் காட்டிக் கடையிலேயே வரியைக் கழித்துக்கொள்ளும் முறை பல காலமாக இருந்துவந்தது. 2026 நவம்பர் 1 முதல் அது மாறுகிறது. முதலில் வரியோடு முழு விலையையும் கட்ட வேண்டும். நாட்டை விட்டுப் புறப்படும்போது பொருள் கையில் இருக்கிறது என்று சுங்கத்தில் உறுதியான பிறகே வரி திரும்பும். உங்கள் பயணத் தேதி அதற்கு எந்தப் பக்கம் என்று பார்த்துக்கொள்ளுங்கள். சிங்கப்பூரில் ஜிஎஸ்டி 2024 முதல் 9 சதவீதம். பயணிகளுக்கு வரியைத் திருப்பித் தரும் திட்டத்தில் சேர்ந்திருக்கும் கடையில் குறைந்தது 100 சிங்கப்பூர் டாலருக்கு வாங்கியிருந்தால் விமான நிலையத்தில் திரும்பக் கேட்கலாம். ஆனால் இடையில் இருக்கும் நிறுவனத்தின் கட்டணம் போக மீதிதான் கைக்கு வரும். முழு 9 வரும் என்று கணக்குப் போடாதீர்கள். சுங்கம் பொருளைக் காட்டச் சொல்லலாம் என்பதால், எந்த நாட்டிலும் இந்த வேலையை முடிக்கும் முன் கேமராவைப் பெரிய பெட்டிக்குள் போட்டு விமானத்துக்கு அனுப்பிவிடக் கூடாது.

வெளிநாடு என்றாலே வரி திரும்பும் என்பதும் பொய். ஹாங்காங்கில் விற்பனை வரியே இல்லை, ஆகவே திரும்ப வருவதற்கும் ஒன்றுமில்லை. இங்கிலாந்து 2021 தொடக்கத்திலேயே சுற்றுலாப் பயணிகளுக்கு வாட் திருப்பித் தருவதை நிறுத்திவிட்டது. அமெரிக்காவில் நாடு முழுவதற்குமான அப்படி ஓர் ஏற்பாடு இல்லை. அங்கே விலைச்சீட்டில் இருப்பதற்கு மேல்தான் பெரும்பாலான மாநிலங்களில் விற்பனை வரி ஏறும்.

ஒரு தாளை எடுங்கள். வரி கழித்த வெளிநாட்டு விலை. அதன்மேல் வெளிநாட்டுச் செலவுக்கு உங்கள் கார்டு போடும் கட்டணம். அதன்மேல் ஊரில் இறங்கியதும் கட்ட வேண்டிய சுங்க வரி. இந்தக் கூட்டுத்தொகை உள்ளூர் விலையைவிட நல்ல அளவு குறைவாக இருந்தால் தாராளமாக வாங்குங்கள். சுங்க வரியைச் சேர்த்ததும் லாபம் காணாமல் போகிறது என்றால், நீங்கள் மிச்சம் என்று நினைத்தது முழுவதும் அப்பா சொல்லப்போகும் பொய்யின் விலை. வேறு எதுவும் இல்லை. இந்தத் தாளையும் அவரிடமே கொடுங்கள். உங்களைவிடச் சுத்தமாகக் கூட்டித் தருவார்.

வாரண்டி. கேமரா நிறுவனம் உலகம் முழுக்க ஒன்றுதானே என்று நினைக்க வேண்டாம். வாங்கிய நாட்டில் மட்டும் செல்லும் வாரண்டி என்பது இந்தத் தொழிலில் மிகச் சாதாரணம். கடைக்காரர் "வேர்ல்டு வாரண்டி" என்று வாயால் சொல்வதை நம்பாதீர்கள். உங்கள் ஊரில் இருக்கும் அந்த நிறுவனத்தின் சர்வீஸ் பிரிவுக்கு இப்போதே மின்னஞ்சல் அனுப்புங்கள். இந்த மாடலை இந்த நாட்டில் வாங்கினால் இங்கே இலவசமாகப் பழுது பார்ப்பீர்களா, காசு வாங்கிக்கொண்டாவது பார்ப்பீர்களா என்று கேட்டு, எழுத்தில் பதில் வாங்குங்கள். செல்லும் என்றால், கடையின் பெயரும் தேதியும் சீரியல் நம்பரும் உள்ள வாரண்டி கார்டும் பில்லும் கையில் இருக்க வேண்டும். அந்தக் கார்டு வருவது நீங்கள் எறிந்துவிடப் போவதாகச் சொன்ன பெட்டிக்குள்தான். பின்னாளில் கேமராவை விற்க நினைத்தாலும், பெட்டி இருக்கிறதா என்றுதான் முதலில் கேட்பார்கள்.

ஜப்பானில் வாங்குவதானால் ஒரு விஷயத்தைக் கட்டாயம் பாருங்கள். சோனி தன் உள்நாட்டுச் சந்தைக்கு விற்கும் பல மாடல்களில் மெனு ஜப்பானிய மொழியில் மட்டுமே இருக்கும், மாற்ற முடியாது. வெளிநாட்டவருக்கென்று பல மொழி உள்ள மாடல்களைச் சில கடைகள் தனியாக வைத்திருக்கும், விலையும் வேறாக இருக்கும். எந்த நிறுவனமானாலும் பணம் கட்டும் முன் கேமராவை இயக்கி, மெனுவை உங்களுக்குப் புரியும் மொழிக்கு மாற்றிக் காட்டச் சொல்லுங்கள். அங்கே மின்சாரம் 100 வோல்ட். சார்ஜரில் 100 முதல் 240 வரை என்று அச்சிட்டிருந்தால் எங்கும் போடலாம். இப்போது சில மாடல்களோடு சார்ஜரே தருவதில்லை, வெறும் கேபிள்தான். அதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

சுற்றுலாப் பயணியை ஏமாற்றும் கடைகள் எந்த நாட்டிலும் உண்டு, வழியும் எங்கும் ஒன்றே. நம்ப முடியாத குறைந்த விலை சொல்வார்கள். அது லென்ஸ் இல்லாத பாடிக்கு மட்டும் என்பது கார்டைத் தேய்த்த பிறகுதான் தெரியும். பெட்டிக்குள் நிறுவனமே வைத்து அனுப்பும் பாட்டரியையும் ஸ்ட்ராப்பையும் வெளியே எடுத்துத் தனி விலை போடுவார்கள். "நீங்கள் கேட்டது ஸ்டாக் இல்லை, இது அதைவிட மேல்" என்று வேறு ஒன்றைத் தள்ளுவார்கள். விலை எழுதி ஒட்டாத கடைக்குள் நுழையவே வேண்டாம். நிறுவனத்தின் தளத்தில் அந்த மாடலின் பெட்டிக்குள் என்னென்ன வரும் என்று பட்டியல் இருக்கும். அதை எழுதி எடுத்துக்கொண்டு போய் ஒவ்வொன்றாகச் சரிபாருங்கள். பாடியின் நம்பரும் பெட்டியின் நம்பரும் பில்லின் நம்பரும் ஒன்றாக இருக்க வேண்டும். கார்டு மெஷின் உங்கள் நாட்டுப் பணத்தில் கழிக்கட்டுமா என்று கேட்டால் வேண்டாம் என்று சொல்லி அந்த நாட்டுப் பணத்திலேயே கட்டுங்கள். மாற்று விகிதத்தில் பெரும்பாலும் உங்களுக்குத்தான் நஷ்டம்.

கணக்கு ஒத்துவந்து வாங்குவதானால் பயணத்தின் தொடக்கத்திலேயே வாங்கிவிடுங்கள். கடைசி நாள் விமான நிலையத்தில் வாங்கிய கேமராவில் குறை தெரிந்தால் திரும்பிப் போய்ச் சண்டை போட முடியாது. அன்று இரவே அறையில் உட்கார்ந்து நாற்பது ஐம்பது படம் எடுத்துப் பாருங்கள். லென்ஸை மூடிவைத்து ஒரு படம் எடுங்கள். முழுக் கறுப்பாக வர வேண்டிய இடத்தில் வெள்ளையாகவோ சிவப்பாகவோ புள்ளிகள் தெரிந்தால் மறுநாள் காலையே கடைக்குப் போங்கள். உதிரி லித்தியம் பாட்டரி விமானத்தில் கைப்பையில்தான் வர வேண்டும், செக்-இன் பெட்டியில் கூடாது. கேமரா கடைக்கு அரை நாள் ஒதுக்குங்கள், அதற்கு மேல் வேண்டாம். முதன்முறை வெளிநாடு பார்க்க வந்த உங்கள் அம்மாவைக் கடைக்குக் கடை நாற்காலி தேடி உட்கார வைத்துவிட்டு நீங்கள் லென்ஸ் விலை பேசிக்கொண்டிருக்க வேண்டாம்.

திரும்பி இறங்கியதும் கேமரா உங்கள் தோளில், பில் உங்கள் கையில், வரம்பைத் தாண்டியிருந்தால், வரி கட்ட வேண்டியவர்களுக்கென்று சுங்கத்தில் இருக்கும் சிவப்பு வழியில் நீங்களே போய்ச் சொல்லி வரியைக் கட்டுங்கள். கட்டிய ரசீதைப் பத்திரமாக வையுங்கள். அடுத்த முறை இதே கேமராவோடு வெளிநாடு போய்த் திரும்பும்போது யாராவது கேட்டால் காட்ட அதுதான் ஆதாரம். அப்பாவிடம் அந்த ஏற்பாடு கிடையாது என்று இன்றைக்கே சொல்லிவிடுங்கள். திரும்பும் விமானத்தில் வைத்துச் சொல்லலாம் என்று தள்ளிப்போட்டால், பார்க்க வந்த ஊரைப் பார்க்காமல், அந்த அதிகாரியிடம் என்ன சொல்வது என்று ஒத்திகை பார்த்துக்கொண்டே நடப்பார்.

எந்த மாடல் என்று கேட்டிருந்தீர்கள். கடையில் இரண்டையும் லென்ஸ் மாட்டி வாங்கி ஆளுக்குக் கொஞ்ச நேரம் தோளில் போட்டுக்கொண்டு நடந்து பாருங்கள். கனம் குறைந்ததை எடுங்கள்.